ஊளைக்கு ஒரு நூல் கீழே

எங்கள் வீட்டு மைக் செட்டில் எனக்குப் பிடித்த சாமான் ஒன்றே ஒன்றுதான். அது கைப்பெட்டி. ஆம்பிளிஃபயர் எருமைக்கன்று மாதிரி கனக்கும். கூம்பு ஸ்பீக்கர்கள் இரண்டும் ஒற்றை அறை வீட்டில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கும். கார் பேட்டரியின் ஆசிட் பட்டு என் நல்ல புடவை இரண்டு ஓட்டையாகிவிட்டது. கைப்பெட்டி மட்டும்தான் யாருக்கும் தொந்தரவு தராமல் மடியில் அடங்கும்.

என் வீட்டுக்காரர் அந்தச் செட்டைப் பெங்களூரில் பழைய சாமான் கடையில் வாங்கினார். கைப்பெட்டியை ரிமோட் கண்ட்ரோல் என்று சொல்லித்தான் கடைக்காரர் விலையை ஏற்றினாராம். இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிற ரிமோட் மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். அது ஒரு தகரப் பெட்டி, மேலே இரண்டு குமிழ்கள். ஒன்று மைக்குக்கு, இன்னொன்று ரிக்கார்டுக்கு. பெட்டியின் பின்னாலிருந்து நீளமான ஒயர் ஒன்று தரையோடு ஓடி, மேடையோரம் இருக்கிற ஆம்பிளிஃபயரில் போய்ச் சேரும். மேடையோரம் நிற்கிற ஆளுக்குக் கூட்டத்தில் என்ன கேட்கிறது என்று தெரியாது. அதனால் கூட்டத்தின் நடுவில் ஒருவர் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். கோலார் தங்க வயலில் ஆண்கள் அத்தனை பேர் இருக்க, அந்த ஒருவர் நான்தான்.

எனக்கு வந்த ஆசை இல்லை அது. என் வீட்டுக்காரர் சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடுகிற மெஷின் பிடிக்கிறவர். மைக் செட் அவருக்கு லீவு நாள் வேலை, இல்லை, லீவு நாள் பைத்தியம். மெஷின் பிடிக்கிறவர்களுக்குக் காது ஒரேயடியாகப் போகாது. முதலில் மெல்லிசான கீச்சுச் சத்தம்தான் போகும். அண்டா விழுந்தால் கேட்கும், குருவி கத்தினால் கேட்காது. மைக் ஊளையிடப் போவதற்கு முன்னால் ஈ பறக்கிற மாதிரி ஒரு மெல்லிய ரீங்காரம் எழும்பும். அதுதான் எச்சரிக்கை, அந்த எச்சரிக்கைதான் அவர் காதுக்கு எட்டாது. மாரிகுப்பத்தில் ஒரு கல்யாணத்தில் செட் காது கிழிய ஊளையிடுகிறது, மாப்பிள்ளையின் அப்பா குதிக்கிறார், இவர் மேடையோரம் சிரித்த முகமாய் நின்றுகொண்டிருக்கிறார். அன்று சாயங்காலமே பெட்டியை என் மடியில் வைத்துவிட்டார். "எனக்குக் கேக்கலம்மே. நீ பாத்துக்கோ" என்றார். வேறு எதற்கும் அவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

வேலை சொல்வதற்குச் சுலபம். குமிழை மெதுவாய் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அந்த ஈச் சத்தம் எழும்புகிற இடம் வந்ததும் ஒரு நூல் கீழே இறக்கி நிறுத்த வேண்டும். அதுதான் சரியான இடம். அதற்குக் கீழே போனால் கடைசி வரிசைக்குக் கேட்காது, மேலே போனால் ஊளை. ஆனால் அந்த இடம் ஓரிடத்தில் நிற்காது. பேசுகிறவர் மைக்கை வாய்க்குள் விட்டுக்கொண்டால் ஒரு இடம், விலகி நின்றால் ஒரு இடம். கூட்டம் கூடினால் ஒரு இடம், கலைந்தால் ஒரு இடம். ஜனங்கள் சத்தத்தைத் தின்பார்கள். நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தால் எவ்வளவு ஏற்றினாலும் வாங்கிக்கொள்வார்கள். எழுந்து போய்விட்டால் காலி மைதானம் சத்தத்தைத் திருப்பி மைக்குக்கே அனுப்பும், உடனே ஊளை.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு தலைவலி இருந்தது. எந்த விசேஷமானாலும் முதல் வரிசை மெஷின்காரர்களுக்குத்தான், அது மரியாதை. அவர்களில் ஒருவருக்கும் காது சரியில்லை. நாடகம் ஆரம்பித்ததும் கையை மேலே மேலே ஆட்டி, "ஏத்து, இன்னும் ஏத்து" என்பார்கள். அவர்கள் சொன்னபடி ஏற்றினால் பின்னால் இருக்கிற கைக்குழந்தையெல்லாம் வீறிடும். அதனால் நான் ஆண்கள் பக்கம் தலையைத் திருப்பவே மாட்டேன். பெண்கள் நடுவில் உட்கார்ந்து, பெண்களின் முகத்தைப் பார்த்துத்தான் சத்தம் வைப்பேன். "யக்கா, அந்த ஆளு நல்லாவே பாடல. கொஞ்சம் எறக்கி வைங்க" என்று என்னைக் கிள்ளுவார்கள். நானும் இறக்கியிருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள். கோடை. என் வீட்டுக்காரருக்குக் காலை ஷிஃப்ட்.

வெடி எங்களுக்குப் புதிதில்லை. சுரங்கத்தில் தினமும் வெடி வைப்பார்கள், தரை லேசாய் அதிரும், நாங்கள் பேச்சைக்கூட நிறுத்த மாட்டோம். ஏர்பிளாஸ்ட் என்பது வேறு. அது யாரும் வைப்பதில்லை. தோண்டித் தோண்டிக் கூடாக்கிய பூமிக்குள் மேலே இருக்கிற பாரம் தாங்காமல் பாறை தானே வெடிக்கும். அன்று நான் அடுப்பில் உலை வைத்திருந்தேன். காலுக்குக் கீழே தரை ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. அலமாரியிலிருந்த பாத்திரம் அத்தனையும் ஒன்றாய்க் கீழே வந்தது. நான் வாசலுக்கு ஓடிவந்தபோது எங்கள் லைன் வீட்டு வரிசையில் இருந்த எல்லாப் பெண்களும் வாசலில் நின்றார்கள். ஒருவரும் ஒருவரோடு பேசவில்லை. எல்லாருடைய கண்ணும் ஷாஃப்டின், சுரங்கத்துக்குள் இறங்குகிற குழியின், உச்சியில் இருந்த பெரிய சக்கரத்தின் மேல் இருந்தது. அது சுற்றினால் கேஜ் என்கிற இரும்புக் கூண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏறுகிறது, இறங்குகிறது என்று அர்த்தம். அது நின்றிருந்தது.

செருப்புப் போட்டுக்கொண்டு ஓடினவர்கள் ஒருவருமில்லை.

ஷாஃப்ட் கேட்டில் போலீஸ் வருவதற்கு முன்னாலேயே நாங்கள் நிரம்பிவிட்டோம். கம்பிக் கேட்டைப் பிடித்து உலுக்கினோம். காவல்காரர் கன்னடக்காரர், "ஸ்வல்ப இரம்மா, ஸ்வல்ப இரம்மா" என்று கொஞ்சம் பொறுக்கச் சொல்லிச் சொல்லியே அவருக்குக் குரல் கட்டிப்போனது. நல்ல வேளையாகச் சக்கரம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. மேல் லெவல்களில் இருந்தவர்களை முதலில் ஏற்றினார்கள். சுரங்கத்துக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட பித்தளை பில்லை ஒன்று உண்டு. உள்ளே போகும்போது டைம் ஆபீஸ் ஜன்னலில் வாங்கிக்கொண்டு போவார்கள், மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். திரும்பி வருகிற பில்லையின் நம்பரைப் பார்த்து டைம் ஆபீஸ் கிளார்க் கேட்டுக்கு வந்து கத்திக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள்கூட நம்பரைக் கூச்சமில்லாமல் சொல்வார்கள். ரேஷன் கடையிலும் நம்பர்தான், ஆஸ்பத்திரியிலும் நம்பர்தான். ஆனால் அன்று எங்கள் அழுகையில் அந்த மனிதர் கத்தியது எதுவும் கேட்கவில்லை. கேட்காதவர்கள் இன்னும் முண்டினார்கள். முண்டினதில் ஒரு பெண் கம்பிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நசுங்கி மயங்கிவிட்டாள்.

கிளார்க் என்னைப் பார்த்துவிட்டார். அவர் பெண்ணின் கல்யாணத்துக்கு எங்கள் செட்தான்.

"ஏம்மா, மைக் செட்டு ஊட்ல தான கீது? எடுத்தாந்துடும்மா."

"எங்க ஊட்டுக்காரரு உள்ள கீறாரு சார். நான் இங்கேந்து நகர மாட்டேன்."

"எல்லாரு ஊட்டுக்காரரும் உள்ளதாம்மா கீறாங்க. வந்தவன் நம்பரைச் சொன்னாக்கூட இவங்களுக்குக் கேக்க மாட்டேங்குது. இப்பிடியே போனா கேட்டாண்டயே நாலு உசுரு போய்டும்."

எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. என் புருஷன் உள்ளே இருக்கிறான், என்னை மைக் செட் எடுத்து வரச் சொல்கிறாய். ஆனால் அவர் சொன்னது சரி. சரியான பேச்சைக் கேட்டால் சில சமயம் கோபம்தான் அதிகமாகும். அதற்குள் என் கொழுந்தனும் வந்துவிட்டார். என் வீட்டுக்காரரின் தம்பி, தங்கக் கல் அரைக்கிற மில்லில் தரைமேல் வேலை செய்கிறவர், சுரங்கத்துக்குள் இறங்காதவர். நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு ஓடி எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றினோம். வரும் வழியெல்லாம் நான் சக்கரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நான் இல்லாத நேரத்தில் அவர் வந்து என்னைத் தேடுவார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தால்தான் வண்டியைத் தள்ள முடிந்தது.

கொழுந்தன் ஒரு கூம்பைக் கேட் தூணிலும் இன்னொன்றை எதிரே இருந்த மரத்திலும் கட்டினார். கேட்டுக்கு உள்ளே ஒரு மேஜை போட்டு அதன் மேல் மைக், கீழே பேட்டரி. நான் ஒயரை விட்டுக்கொண்டே கூட்டத்துக்குள் நடந்தேன். "மிதிக்காதீங்க, தாண்டிப் போங்க" என்று விசேஷ வீட்டில் சொல்வது மாதிரியே சொன்னேன். வாய்க்கு வேறு எதுவும் தெரியவில்லை.

கிளார்க் மைக்கை வாய்க்குள் விட்டுக்கொண்டு ஒரு கத்துக் கத்தினார். ஊளை வானத்தைப் பிளந்தது. இன்னொரு ஏர்பிளாஸ்ட்டுக்குச் சங்கு ஊதுகிறார்கள் என்று நினைத்துப் பின்னால் இருந்தவர்கள் முன்னால் பாய்ந்தார்கள். நான் குமிழை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, "சார், ஒரு சாண் தள்ளிப் புடிங்க! கத்தாதீங்க, பேசுங்க!" என்று கத்தினேன். பிறகு மெதுவாய் ஏற்றினேன். ஈச் சத்தம் எழும்பியது. ஒரு நூல் இறக்கினேன்.

"கேக்குதாம்மா?" என்று கூம்பிலிருந்து கேட்டது.

"கேக்குது" என்றார்கள் அத்தனை பெண்களும் ஒரே குரலில். அதற்குப் பிறகு ஒரு அமைதி வந்தது பாருங்கள், எந்த மேடைக்கும் எந்தத் தலைவருக்கும் எங்கள் ஊர் அப்படி அமைதியாய் இருந்ததில்லை. மைக் இருக்கிறது, இனிமேல் கத்தவோ முண்டவோ வேண்டாம் என்று எல்லாரும் புரிந்துகொண்டார்கள். தரையில் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.

எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் யார் தெரியுமா? எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அவளும் நானும் பேசி ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அவர்கள் வீட்டில் புத்தர் படம், எங்கள் வீட்டில் முருகன் படம், சண்டை அதனால் இல்லை. பேத்தமங்களா ஏரியிலிருந்து வருகிற தண்ணீர் எங்கள் லைன் குழாயில் நூல் மாதிரி வரும். அதற்கு அவள் ஒரு நாள் என் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டாள். அவ்வளவுதான். அவள் வீட்டுக்காரருக்கும் அன்று காலை ஷிஃப்ட், ஷாஃப்டும் இதே ஷாஃப்ட்தான். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் மடியில் இருந்த பெட்டியைத்தான் பார்த்தாள். "நல்லா வைக்கா. கேக்காம போய்டப் போவுது" என்றாள்.

சக்கரம் சுற்றும். நிற்கும். கொஞ்ச நேரத்தில் கூம்பிலிருந்து நம்பர்கள் வரும். ஒவ்வொரு நம்பருக்கும் கூட்டத்தில் எங்கோ ஒரு அலறல் எழும். சந்தோஷத்தில் அலறுவதும் துக்கத்தில் அலறுவதும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, அன்றுதான் கவனித்தேன். அந்தப் பெண் எழுந்து, ஒயரைத் தாண்டி, கேட்டுக்கு ஓடுவாள். தூசியும் சேறும் அப்பிய ஒரு உருவத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். போகும்போது ஒருத்தியும் எங்கள் பக்கம் பார்க்க மாட்டாள். நானாய் இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

அப்படிப் போகப் போகக் கூட்டம் குறைந்தது. ஈச் சத்தம் தானாக எழும்ப ஆரம்பித்தது. நான் குமிழைக் கொஞ்சம் இறக்கினேன். இன்னொரு கேஜ் வந்தது, மறுபடி இறக்கினேன். நான் தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்க்கவே தேவையில்லாமல் போனது. குமிழ் எங்கே நிற்கிறது என்பதை வைத்தே இன்னும் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம் என்று விரலுக்குத் தெரிந்தது. ஒரு தடவை ஈச் சத்தம் வந்தும் நான் வேண்டுமென்றே இறக்காமல் விட்டேன். யாரும் போகவில்லை, எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி காதைப் பொத்திக்கொண்டாள். இறக்கினேன்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். நல்ல சேதிதான் மைக்கில் வரும். மற்றதை மைக்கில் சொல்ல கிளார்க்குக்கு மனம் வரவில்லை. மைக்கை மேஜை மேல் படுக்க வைத்துவிட்டு, சின்னக் கதவைத் திறந்து, கூட்டத்துக்குள் நடந்து வந்து, ஒரு பெண்ணின் முன்னால் குனிந்து ஏதோ சொன்னார். முதல் தடவை எங்களுக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் மைக்கைக் கீழே வைத்தாலே நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வோம். கண்ணில் படாமல் இருந்தால் வேறு யாரிடமாவது போய்விடுவார் என்று ஒரு நம்பிக்கை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்கும்போது செய்வோமே, அது மாதிரி.

வெயில் உச்சிக்கு வந்து சாய ஆரம்பித்தது. ஒரு கேஜ் வந்தது. கூம்பிலிருந்து சில நம்பர்கள் வந்தன. கடைசியாய் வந்தது என் வீட்டுக்காரரின் நம்பர்.

அந்த நம்பரை இங்கே எழுத மாட்டேன். அது கேட்டபோது நான் அலறவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒரு வருஷமாய்ப் பேசாத பக்கத்து வீட்டுக்காரியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "உன் ஊட்டுக்காரரும் வந்துடுவாரு. பாரேன், அடுத்த கேஜ்ல வந்துடுவாரு" என்றேன். ஜெயித்தவளுக்கு மற்றவர்களுக்குத் தைரியம் சொல்வது எவ்வளவு சுலபமாய் வருகிறது! மடியில் பெட்டி இருந்தது, விட்டுவிட்டு ஓட முடியவில்லை. கொழுந்தனைக் கேட்டுக்கு விரட்டினேன். நானும் எழுந்து நின்று எட்டிப் பார்த்தேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் சட்டை வந்தது. தோளில் நான் போட்ட ஒட்டு, நீலச் சட்டையில் சிவப்பு ஒட்டு. வேறு துணி கிடைக்கவில்லை என்று போட்டேன், "நல்லா கீது, திருவிழாவுக்குப் போறவன் மாதிரி" என்று கேலி செய்தார். முகமெல்லாம் தூசி. தள்ளாடித் தள்ளாடி வந்தார். நான் கையைத் தூக்கினேன்.

எனக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரிதான் அலறினாள். அவள் ஒயரில் தடுக்கி விழுந்து, எழுந்து ஓடினாள். நான் சட்டையைப் பார்த்தேன், அவள் நடையைப் பார்த்திருக்கிறாள். வந்தது அவள் புருஷன்.

என்ன நடந்தது என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்தது. ஆழமான லெவல்களில் உடம்பு வெந்துபோகிற சூடு. ஆண்கள் சட்டையைக் கழற்றி, கேஜ் வந்து நிற்கிற இடத்தில் சுவரில் அடித்திருக்கும் ஆணிகளில் மாட்டிவிட்டு, வெறும் உடம்போடுதான் வேலைக்குப் போவார்கள். பில்லை சட்டைப் பையிலேயே இருக்கும். அப்படி வைக்கக் கூடாது என்று சட்டம், எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள். பாறை வெடித்ததும் விளக்கெல்லாம் போய், தூசியில் கண் தெரியாமல் கேஜுக்கு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர், கைக்கு அகப்பட்ட சட்டையை ஆணியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார். மேலே வந்ததும் பையில் இருந்த பில்லையை ஜன்னலில் போட்டார். கிளார்க் நம்பரைப் படித்து, "நீதானே?" என்று கேட்டிருக்கிறார். வெடியில் இவருக்குக் காது சுத்தமாய் அடைத்துப் போயிருந்தது. ஆள் வாயைத் திறந்ததைப் பார்த்துத் தலையை ஆட்டியிருக்கிறார்.

நான் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே ஒயர் எட்டுகிற தூரம் வரைக்கும் போய் அவர் முன்னால் நின்றேன்.

"எங்க ஊட்டுக்காரர் எங்கண்ணா? இந்தச் சட்டையைப் போட்டுக்கினு போனவரு எங்க?"

அவர் என் வாயையே பார்த்தார். பிறகு குனிந்து தன் உடம்பைப் பார்த்தார். அப்போதுதான் அது தன் சட்டை இல்லை என்று அவருக்குத் தெரிந்தது போலிருக்கிறது. நான் சட்டையைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். பொத்தான்களைக் கழற்றி, சட்டையை மடித்து, என் கையில் கொடுத்தார். "ஆணியில தொங்கிக்கினு இருந்திச்சிம்மா" என்றார், தன் குரல் தனக்கே கேட்காமல் பெரிதாய்.

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லமாட்டேன். நீ ஏன் வந்தாய் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது.

கிளார்க்குக்கு இப்போது வேறு வழியில்லை. தப்பான நம்பரை மைக்கில் சொல்லியாகிவிட்டது, உள்ளே தேடப் போகிறவர்களுக்கும் அது தெரிய வேண்டும். மைக் முன்னால் வந்து நின்று வெகுநேரம் தொண்டையைச் செருமினார். செருமுவதுகூடத் தெளிவாய்க் கேட்டது. நான் அவ்வளவு நன்றாய்ச் சத்தம் வைத்திருந்தேன்.

"முன்ன சொன்ன நம்பரு… தப்பாய்டிச்சி. அந்த ஆளு இன்னும் மேல வரல" என்றார்.

ஒரு எழுத்து விடாமல் மைதானம் முழுக்கக் கேட்டது. மிச்சம் இருந்த பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தேன். சட்டையை மடியில் போட்டு அதன் மேல் பெட்டியை வைத்துக்கொண்டேன். கொழுந்தன் வந்து, "அண்ணி, நீங்க ஊட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்" என்றார். "உனக்கு இந்தப் பொட்டியைப் புடிக்கத் தெரியுமா? தெரியாதில்ல? போ அந்தாண்ட" என்றேன். பாவம், அவருடைய அண்ணனும்தானே உள்ளே. அன்று அதை நினைக்க எனக்கு இடமில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி. புருஷனை அவள் தம்பியோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்திருந்தாள். "நீ ஏன் வந்த? போ, உன் வேலையைப் பாரு" என்றேன். அவள் போகவில்லை. எனக்கு அவள் அங்கே இருப்பது பிடிக்கவில்லை, எழுந்து போயிருந்தால் இன்னும் பிடித்திருக்காது.

அதற்குப் பிறகு சக்கரம் சுற்றியது குறைவு. சுற்றின போதெல்லாம் மேலே வந்தவர்கள் தேடப் போனவர்கள்தான். நான் சாமியைக் கூப்பிட்டேன். முருகனைக் கூப்பிட்டேன், பக்கத்து வீட்டுப் படத்தில் இருந்தவரையும் கூப்பிட்டேன். கால் போனாலும் பரவாயில்லை, கண் போனாலும் பரவாயில்லை, நம்பர் மட்டும் மைக்கில் வந்துவிட்டால் போதும் என்று பேரம் பேசினேன். நாங்கள் ஒரு கைக்குள் அடங்குகிற கூட்டமாகிவிட்டோம். குமிழ் ஏறக்குறைய அடியில் இருந்தது. இவ்வளவு பேருக்கு மைக்கே வேண்டாம், கிளார்க் வாயால் சொன்னாலே கேட்கும். இருந்தாலும் நான் அணைக்கவில்லை. மைக் உயிரோடு இருக்கிற வரைக்கும் நல்ல சேதி வருவதற்கு ஒரு வழி திறந்திருக்கிறது என்று எனக்கு ஒரு கணக்கு.

ஒரு கேஜ் வந்து நின்றது. அதிலிருந்து யாரும் நடந்து வரவில்லை. கிளார்க் உள்ளே போய்விட்டு வந்தார். மேஜைக்கு முன்னால் நின்றார். மைக்கைக் கையில் எடுத்தார். நான் குமிழைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் மைக்கை மேஜை மேல் படுக்க வைத்தார். சின்னக் கதவைத் திறந்தார்.

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் குனியவில்லை. அவர் எங்கள் பக்கம்தான் நடந்து வந்தார். ஒயரைத் தாண்டக்கூட இல்லை, ஒயரை ஒட்டியே அது போகிற வழியில் நேராய் வந்தார்.

நான் குமிழை முழுக்கத் திருப்பினேன்.

காலி மைதானம். மைக் கூம்பைப் பார்த்துக் கிடந்தது. செட் ஊளையிட்டது. அத்தனை வருஷமாய் எந்த ஊளை வராமல் நான் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ, அது முழுசாய் வந்தது. மரத்தில் இருந்த காக்கைகள் பறந்தன. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். காவல்காரர் எதையோ கத்திக்கொண்டு பேட்டரியிடம் ஓடினார், எதைப் பிடுங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. கிளார்க் பாதி வழியில் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டு மறுபடி நடந்தார். என் முன்னால் வந்து குனிந்தார். அவர் வாய் அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை. அவர் மறுபடி சொன்னார், கேட்கவில்லை. இப்படியே இருந்துவிடலாம், பேட்டரி தீர்கிற வரைக்கும், அதற்கப்புறம் வேறு பேட்டரி மாற்றி இப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். குமிழ் அதற்கு மேல் திரும்பாது என்று தெரிந்தும் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

என் கையின் மேல் ஒரு கை வந்தது. பக்கத்து வீட்டுக்காரி. அவள் அழுதுகொண்டிருந்தாள். என் விரல்களை அவள் பிரிக்கவில்லை. என் கையோடு சேர்த்தே குமிழைப் பிடித்து, பின்பக்கமாய், மெதுவாய், கடைசி வரைக்கும் திருப்பினாள்.

ஊளை நின்றது.

"கொண்டாந்துட்டாங்கம்மா" என்றார் கிளார்க்.

மைக் இல்லாமலே நன்றாய்க் கேட்டது.